நாலு விரல் நீளம்

தலைமை நாற்காலியில் தளராமல் அமர்ந்து, கையருகே மணியையும் கண்ணருகே கடிகாரத்தையும் வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, எங்களுக்கு முன்னே நடந்து எங்களுக்குப் பாதை போட்டுத் தந்த பெரியோர்களே, பெற்றெடுத்த தாய்மார்களே, பெறப்போகும் தாய்மார்களே, பிரசவ அறைக் கதவுக்கு வெளியே நடந்து நடந்தே செருப்பைத் தேய்த்த தந்தையர்களே, வெள்ளுடை உடுத்தி வந்திருக்கும் என் சகோதரிகளே, இந்த ஒலிவாங்கியை மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு 'இந்தம்மாவுக்கு இது எதுக்கு?' என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கிக்காரத் தம்பி அவர்களே, முன்வரிசையில் பிஸ்கட்டைக் கடித்தபடி என்னைக் கண்கொட்டாமல் பார்க்கும் மழலைச் செல்வங்களே! முப்பது ஆண்டுகள் பிரசவ அறையில் நின்று நின்று வீங்கிய இந்தக் கால்களின் சார்பில் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இப்போதே சிரித்துவிடுங்கள். என்னை இந்த மருத்துவமனையில் 'மைக் சிஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? மூன்றாம் மாடியில் நான் 'முக்கும்மா' என்றால் முதல் மாடியில் பல் பிடுங்க வந்தவர் முக்குவாராம். பள்ளியில் படித்த காலத்தில் பேச்சுப் போட்டி என்றால் பரிசு எனக்குத்தான். அந்த வாய் இன்று கொஞ்சம் நடுங்குகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

அதோ, மேசைமேல் மின்னிக்கொண்டிருக்கிறதே கேடயம், அதில் 'நேர்த்தியான கரங்கள்' என்று பொறித்திருக்கிறார்கள். தலைவர் ஐயா அதை இருமுறை நீட்டினார். நான் இருமுறை தலையாட்டிவிட்டு நழுவிவிட்டேன். 'என்ன சிஸ்டர், பிகு பண்றீங்க?' என்று காதோரம் கேட்டார். பிகு இல்லை ஐயா, பயம். இந்தக் கரங்கள் செய்த ஒரு காரியத்தை இந்தச் சபையில் சொல்லிவிட்டுத்தான் அதைத் தொடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். தொடலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் ஒரு தையற்காரர். பக்கத்தில் அவர் மகள், ஆறு வயது.

அன்பர்களே! தொப்புள்கொடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த நேரத்தில் தாய்க்குக் கண் இருட்டும், தந்தைக்குக் கால் தள்ளாடும். நான் ஆயிரமாயிரம் பார்த்திருக்கிறேன். வழுவழுப்பாக, முறுக்கிப் பிழிந்த ஈரத்துணி போல இருக்கும். அதற்குள்ளே மூன்று குழாய்கள். இரண்டு சிறியவை, சுவர் தடித்தவை, பிள்ளையின் உடம்பிலிருந்து வெளியே போகிறவை. ஒன்று பெரியது, சுவர் மெலிந்தது, உள்ளே போகிறது. அந்த ஒன்றின் வழியாகத்தான் ஒன்பது மாதம் நீங்களும் உண்டீர்கள், நானும் உண்டேன், நேரமாகிவிட்டதென்று மணியைப் பார்க்கும் நம் தலைவரும் உண்டார். பிறந்தவுடன் நாங்கள் என்ன செய்கிறோம்? கவ்வியைப் போடுகிறோம், கத்தரிக்கிறோம், மிச்சத்தை வாளியில் எறிகிறோம். வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

முடிந்ததா? முடியவில்லை! அங்கேதான் நான் வாயடைத்து நிற்கிறேன். கத்தரித்த பிறகும், கவ்வி போட்ட பிறகும், பிறந்து சில நாள் வரைக்கும் அந்தப் பெரிய குழாய் உள்ளே மூடுவதில்லை. அந்த அரைச்சாண் துண்டுக்குள்ளே இதயத்துக்குப் போகும் வழி திறந்தே கிடக்கிறது. யார் சொல்லி அது காத்திருக்கிறது? எதற்காகக் காத்திருக்கிறது? முப்பது வருடம் இதிலேயே ஊறிய எனக்கு இன்றைக்கும் நினைத்தால் மேனி சிலிர்க்கிறது.

ஆனால் அந்த வழியை நான் என்ன செய்தேன் தெரியுமா? அழகு பார்த்தேன்.

ஆம், தாய்மார்களே. கொடியைக் குட்டையாக வெட்டுவதில் எனக்கொரு கர்வம். தோலை ஒட்டிக் கவ்வியைப் போட்டு, ஒரே வெட்டாக வெட்டினால், பார்ப்பதற்குச் சட்டையில் பொத்தான் தைத்தது போல இருக்கும். 'மைக் சிஸ்டர் வெட்டுனா தனி அழகு' என்று தாய்மார்கள் சொல்லுவார்கள். அந்தச் சொல்லுக்கு நான் அடிமை. மற்றவர்கள் வெட்டிய கொடியைப் பார்த்து, 'என்னடி இது, எலி வாலா?' என்று கேலி செய்திருக்கிறேன். கேலி வாங்கியவர்கள் நான்கு பேர் இந்த அரங்கத்தில் இருக்கிறார்கள். அங்கே பலமாகத் தலையாட்டுகிறார்கள் பாருங்கள்.

அப்படி நான் கொடிகட்டிப் பறந்த காலத்தில்தான் குழந்தை மருத்துவரான ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தார். மெலிந்த உடம்பு, அதைவிட மெலிந்த குரல். வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சின்ன ஸ்கேல் ஒன்று. அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்கேல் டாக்டர்'. வந்த மூன்றாம் நாள் நான் வெட்டிய கொடியருகே அந்த ஸ்கேலை வைத்துப் பார்த்தார்.

"சிஸ்டர், கொடியக் கொஞ்சம் நீளமா விடுங்களேன். நாலு விரல் இருந்தா போதும்."

"நீளமா விட்டா துணியில உரசும் டாக்டர். பாக்கவும் நல்லாவா இருக்கும்? அம்மாமாருங்க என்னத்தான் பேசுவாங்க."

"பத்து நாள்ல அது தானா காஞ்சு விழுந்துடப் போகுது. அழகு அதோட போயிடும் சிஸ்டர். ஆனா நடுவுல ஒரு நாள், ஒரு பிள்ளைக்கு, அந்த வழி தேவைப்பட்டா?"

"இத்தன வருஷத்துல எனக்குத் தேவைப்பட்டதே இல்லயே!"

அவர் மேலே வாதாடவில்லை. சுவரில் ஒரு தாளை ஒட்டினார்: 'கொடி: நாலு விரல்.' அதோடு விடவில்லை. புதன்கிழமை மதியம் ஆனால் ஒரு தட்டில் அன்றைக்கு வெட்டிப் போட்ட கொடித் துண்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வந்து சேர்ந்தவர்களுக்கு அந்தப் பெரிய குழாயைக் கண்டுபிடித்து, மெல்லிய பிளாஸ்டிக் குழாயை அதற்குள் நுழைக்கப் பழக்குவார். எங்கள் அறையைக் கழுவித் துடைக்கும் அக்கா கூட ஒரு புதனும் தவறாமல் போய் நிற்பார். நான் போகவில்லை. 'குப்பையில போறதுக்கு ஊசி குத்தி விளையாடுறாங்க' என்று தேநீர் அறையில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்குச் சறுக்கும்போது கீழே யார் நிற்கிறார்கள் என்பதை அந்தப் பழமொழி சொல்லவில்லை.

அந்த நாள் வந்தது. காலை பதினொரு மணி, நல்ல வெயில், சன்னல் திரை பாதி விலகியிருந்தது. இந்தத் தையற்காரர்தான் தாய். திடீரென்று இரத்தப்போக்கு. பிள்ளை வெளியே வருமுன்பே நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்துவிட்டது. அவரை அவசரமாகத் தள்ளிக்கொண்டு போய் அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். எடுத்துக் கொடுத்தவுடன் கவ்வி போட்டேன், வெட்டினேன். யோசிக்கவில்லை. பழகிய கை பழகியதைச் செய்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வெதுவெதுப்பான மேசையில் கிடத்தினேன். அப்போதுதான் பார்த்தேன். சலவைக்குப் போய் வந்த துணி போல வெள்ளையாக இருந்தது. அழவில்லை, அசையவில்லை, மூச்சில்லை.

ஒரு சிஸ்டர் முகத்தில் சுவாச மூடியை வைத்துக் காற்றை உள்ளே செலுத்தினார். நெஞ்சு ஏறி இறங்கியது. ஆனால் இதயம் தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு சிஸ்டர் இரண்டு கட்டைவிரலால் மார்பை அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, மூச்சு. ஒன்று, இரண்டு, மூன்று, மூச்சு. ஸ்கேல் டாக்டர் கொடியின் அடியில் இரண்டு விரலை வைத்துத் துடிப்பைப் பார்த்து, "நாப்பது" என்றார். நிமிடத்துக்கு நூறுக்கு மேல் துடிக்க வேண்டிய இதயம். பிறகும் "நாப்பது". மருந்து இரத்தத்துக்குள் போக வேண்டும், போன இரத்தத்துக்கு ஈடாக உப்புநீர் போக வேண்டும், அதுவும் அப்போதே போக வேண்டும். எந்த வழியாகப் போகும்? கையில் நரம்பு தேடலாமா? உள்ளே இரத்தமே வற்றிக் கிடக்கிற பிள்ளைக்குக் கையில் நரம்பு எங்கே தெரியும்? காலில் எங்கே தெரியும்? எல்லா வழியும் மூடிவிட்டது. ஒரு வழிதான் மிச்சம்.

டாக்டர் கொடியைப் பார்த்தார். அரை விரல்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாடா" என்றார், "பிளேடு" என்றார், "குழாய்" என்றார். நாடா ஓர் அறையில், பிளேடு ஓர் அலமாரியில், குழாய் இருந்த இழுப்பறையோ சிக்கிக்கொண்டு திறக்க மறுத்தது. அறை துடைக்கும் அக்காதான் காலால் ஓர் உதை விட்டுத் திறந்தார். திறந்தவர், ஐந்தாறு புதன்கிழமைகளில் பார்த்துப் பார்த்து மனதில் பதித்ததைச் சொன்னார்: "டாக்டரம்மா, குழாயில உப்புத்தண்ணி ரொப்பணும்ல? காத்து போயிடக் கூடாதுல்ல?" அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். என் அத்தனை வருட அனுபவமும் கைகட்டி நின்றது, தரை துடைக்கும் அக்காவின் அறிவு அங்கே வேலை செய்தது.

கொடியின் அடியில் நாடாவைக் கட்டி, கவ்விக்குக் கீழே டாக்டர் வெட்டினார். வெட்டுவதற்கே இடமில்லை. எஞ்சிய விளிம்பு வழுக்கி வழுக்கி உள்ளே இழுத்துக்கொண்டது. "சிஸ்டர், ரெண்டு பக்கமும் இடுக்கியால பிடிச்சு நிமித்துங்க" என்றார். பிடித்தேன். நழுவியது. மறுபடி பிடித்தேன். ஓரம் கிழிந்தது. இந்த நேர்த்தியான கரங்களுக்கு ஒரு விளிம்பு பிடிபடவில்லை, அன்பர்களே. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் ஒவ்வொரு அடிக்கும் என் பெயரைச் சொல்லி நடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, மூச்சு. "நாப்பது." ஒன்று, இரண்டு, மூன்று, மூச்சு. "இன்னும் நாப்பதுதான்."

நாலு விரல் விட்டிருந்தால் அரை நிமிட வேலை. எனக்குத் தெரியும், ஏனென்றால் அடுத்த புதனிலிருந்து நானே அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நேரம் பார்த்தேன். அன்றைக்கு அதற்கு மேல் இரண்டு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் என்பது உங்களுக்கு ஒரு வாய்த் தேநீர். அந்தப் பிள்ளைக்கு அப்போது மொத்த வயதே ஆறு நிமிடம்.

மூன்றாம் முறை பிடித்தேன். நின்றது. டாக்டர் குனிந்து பார்த்தார். இரண்டு சின்ன வெள்ளைப் புள்ளிகள். மேலே, தளர்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி அந்தப் பெரியது. "இருக்கு" என்றார். குழாயின் முனை உள்ளே போனது. இரண்டு விரல் ஆழம், அவ்வளவுதான். சிரிஞ்சைப் பின்னால் இழுத்தார். சிவப்பாக, சீராக இரத்தம் வந்தது! மருந்து போனது. பின்னாலேயே உப்புநீர் மெல்ல மெல்லப் போனது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். கேட்கிற துடிப்பை விரலால் மேசையில் தட்டிக் காட்டினார். டொக். டொக். பிறகு, டொக், டொக், டொக். "அறுவது." டொக்டொக்டொக். "எம்பது." அந்த விரல் மேசையில் விழுந்த ஓசையைப் போல் ஒன்றை நான் எந்த மேடையிலும் எந்தக் கைதட்டலிலும் கேட்டதில்லை. "நூறு" என்றபோது பிள்ளையின் உதடு மெல்லச் சிவந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு முனகல். அது அழுகை கூட இல்லை, ஒரு முனகல். அறை துடைக்கும் அக்கா சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள், நான் இன்னும் முடிக்கவில்லை.

அன்று மாலை கை கழுவும் தொட்டியருகே டாக்டரிடம் கேட்டேன். "என் தப்புதானே டாக்டர்?"

அவர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுச் சொன்னார். "ரெண்டு நிமிஷம் போயிடுச்சு சிஸ்டர். அது இனி வராது. அடுத்த பிள்ளைக்கு மிச்சம் பிடிங்க."

மிச்சம் பிடித்தேன். ஆறு வருடமாக என் கையில் ஒரு கொடியும் நாலு விரலுக்குக் குறைந்ததில்லை. டாக்டர் இப்போது வேறு ஊரில் வேறு மருத்துவமனையில் இருக்கிறார். அந்த ஸ்கேலை மட்டும் எங்கள் அறைச் சுவரில் ஆணியடித்து விட்டுப் போயிருக்கிறார். ஆனால் ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. தாயிடம் சொல்லவில்லை. அந்தக் குட்டி நடக்கக் கொஞ்சம் தாமதமானது. இடது கால் இன்றும் சற்று இழுக்கும். சோதனைக்கு வரும்போதெல்லாம் அந்தத் தாய், 'இந்த சிஸ்டர்தான் உன்னைக் காப்பாத்துனாங்க' என்று மகளுக்கு என்னைக் காட்டுவார். நானும் சிரித்துக்கொண்டே நிற்பேன். அந்தச் சிரிப்பைப் போல ஒரு பொய் உண்டா?

இந்தக் கேடயம் வருகிறது என்று கடிதம் வந்தது. போன வாரம் அவர் கடைக்குப் போனேன். தெருமுனையில் ஒரே அறை. ஒரு தையல் இயந்திரம், மடித்து அடுக்கிய சீருடைத் துணிகள், தரை முழுக்க வெட்டுத்துண்டுகள். குட்டி அந்தத் துண்டுகளைப் பொறுக்கிப் பொம்மைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சொல் விடவில்லை. அவர் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"அந்த ரெண்டு நிமிஷத்தாலதான் இவ காலு இப்படியா?"

"தெரியாதும்மா. அதுக்கு முன்னாடியே ரத்தம் நிறைய போயிடுச்சு. எதால ஆச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாங்க. ஆனா, என்னால இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "எவ்வளவு விட்டு வெட்டணும்?"

"நாலு விரல்."

"நீங்க எவ்வளவு விட்டீங்க?"

"அரை விரல்."

"தையலுக்கு விடாம வெட்டிட்டீங்க" என்றார்.

அன்பர்களே, என் முப்பது வருடத்தை ஒருவர் ஒரே வரியில் சொல்லி முடித்தார். கோபமாகச் சொல்லவில்லை, தொழில் தெரிந்த ஒருவர் இன்னொரு தொழிற்காரியிடம் சொல்வது போலச் சொன்னார். இங்கே நான் இதைப் பேசலாமா என்று கேட்டேன். "பேசுங்க, நான் வந்து கேக்குறேன்" என்றார். "அந்தச் சாமானெல்லாம் என்னென்னன்னு சொல்லிட்டுப் போங்க" என்றும் கேட்டார். எதற்கென்று புரியாமலே சொன்னேன். நாடா, பிளேடு, குழாய், இடுக்கி, சிரிஞ்சு, உப்புநீர்.

வந்திருக்கிறார். கேட்டிருக்கிறார். அம்மா, இப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும். தம்பி, அந்த இன்னொரு மைக்கை மூன்றாவது வரிசைக்குக் கொண்டுபோ. என்னம்மா? வேண்டாமா? யாரை அனுப்புகிறீர்கள்?

அட, குட்டி வருகிறாள். மெதுவாக வா, தங்கம். படியில் பார்த்து. யாரும் தூக்க வேண்டாம், அவளே ஏறுவாள். கையில் என்ன? எனக்கா?

இதைப் பாருங்கள், தாய்மார்களே! தலைவர் ஐயா, நீங்களும் பாருங்கள்! சுவரில் மாட்டுகிற துணிப்பை. தடித்த நீலத் துணி, இரட்டைத் தையல். ஆறு அறைகள் தைத்திருக்கிறார். நாடாவுக்கு ஒன்று, பிளேடுக்கு மூடியுள்ள ஒன்று, குழாய்க்கு நீளமாக ஒன்று, இடுக்கிக்கு, சிரிஞ்சுக்கு, உப்புநீருக்கு. எதுவும் இனி எந்த இழுப்பறையிலும் சிக்காது. மேல்மூடியில் சிவப்பு நூலால் பக்கத்தில் பக்கத்தில் நான்கு பட்டைகள். இது என்ன அளவு, குட்டி?

"அது என் அம்மா விரலு."

நாலு விரல்! இருங்கள், அம்மா ஏதோ சொல்கிறார், மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றே சொல்கிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது, அதனால் அவர் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன். 'மன்னிக்கிறதெல்லாம் எனக்குத் தெரியல சிஸ்டர். அது வந்தா வரட்டும். கெட்டுப்போன துணி கெட்டதுதான். அடுத்த துணிய ஒழுங்கா வெட்டணும். பத்துப் பை தெச்சிருக்கேன். எல்லா ரூம்லயும் மாட்டுங்க.' இதுதான் அவர் சொன்னது. நான் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

கேடயத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? நானும் கேட்கப்போவதில்லை. ஐயா, அது அந்த மேசையிலேயே இருக்கட்டும். என் இரண்டு கையிலும் இப்போது இந்தப் பை இருக்கிறது. மேடையை விட்டு இறங்கியதும் நேராக மூன்றாம் மாடிக்குப் போய் இதை அந்த ஸ்கேலுக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறேன். மற்ற ஒன்பதையும் மாட்ட, முன்பு என்னிடம் கேலி வாங்கிய அந்த நான்கு பேரும் என்னோடு வர வேண்டும்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். பொறுத்திருந்து கேட்ட பெரியோர்களுக்கும், கைதட்டாதீர்கள் என்றபோது கைதட்டாமல் இருந்த தாய்மார்களுக்கும், காலால் இழுப்பறையை உதைத்த என் அக்காவுக்கும், எங்கோ ஓர் அறையில் இந்நேரம் வேறொரு ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருக்கும் அந்த மெலிந்த குரலுக்கும், ஆறு படியும் தானே ஏறி வந்த இந்தக் குட்டிக்கும் என் நன்றி. சகோதரிகளே, நாளைக் காலை வேலைக்குப் போய்க் கத்தரியைக் கையில் எடுப்பீர்கள். எடுத்தவுடன் ஒரு கணம் நில்லுங்கள். நாலு விரல் விட்டு வெட்டுங்கள். வணக்கம்.